சுமப்பவர் ஒருவர், கூலி வேறொருவருக்கு

வீட்டின் உள்ளறையில் நின்று பேசினால் என் போனின் மேல்மூலையில் ‘வோவைஃபை’ என்று குட்டியாக ஓர் அடையாளம் வந்துவிடும். டவர் சிக்னல் அந்த அறைக்குள் எட்டாது. அழைப்பு வைஃபை வழியாகத்தான் போகிறது. ரீசார்ஜ் காசு மொபைல் நிறுவனத்துக்கு. அழைப்பைச் சுமப்பதோ எங்கள் தெரு கேபிள்காரர் இழுத்துக் கொடுத்த ஃபைபர். நான் கட்டும் பிராட்பேண்ட் வாடகைக்கு மேல் அவருக்கு இதில் ஒரு பைசா கிடையாது.

மொபைல் நெட்வொர்க்கின் சுமையை இப்படி வைஃபைக்கு இறக்கிவிடுவதைத் துறையில் ‘ஆஃப்லோடு’ என்பார்கள். இணையச் சேவை நிறுவனங்களுக்கு இது புது வருமானம் என்று வெகுகாலமாகச் சொல்லிவருகிறார்கள். கணக்கு கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நெரிசலான இடத்தில் புது டவர் எழுப்புவதைவிட, ஏற்கெனவே ஃபைபர் உள்ள கட்டடத்தில் ஒரு வைஃபை பெட்டியை மாட்டுவது மலிவு. அந்த மிச்சத்தில் ஒரு பங்கை ஜிபி கணக்கில் மொபைல் நிறுவனம் தரும். தொழில்நுட்பத்திலும் குறையில்லை, 2012-ல் வந்த பாஸ்பாயிண்ட் முறையில் சிம்மே அடையாளச் சீட்டு, போன் தானாக இணைந்துகொள்ளும். ஆனால் மொபைல் நிறுவனம் எதற்காகத் தர வேண்டும்? என் உள்ளறையில் ஓசியில் நடக்கும் வேலைக்கு யாரும் கூலி கொடுக்கப் போவதில்லை. டேட்டா விலை சரிந்துவிட்டால், மிச்சம் பிடிக்க வேண்டிய அவசரமும் போய்விடும்.

இந்தியாவில் அதுதான் நடந்தது. 2016 ஜனவரியில் ரயில்வேயின் ரெயில்டெல் நிறுவனத்துடன் சேர்ந்து மும்பை சென்ட்ரலில் இலவச வைஃபையைத் தொடங்கிய கூகுள், 2018-க்குள் 400 ரயில் நிலையங்களைத் தொட்டது. இடையில், 2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. டேட்டா மலிவாகிவிட்டது என்று காரணம் சொல்லி 2020-ல் கூகுள் ஒதுங்கியது. ரெயில்டெல் விடவில்லை, முதல் அரை மணி நேரம் இலவசம், அதற்கு மேல் 10 ரூபாயிலிருந்து திட்டங்கள் என்று 2021-ல் கட்டணம் வைத்தது. நடைமேடையில் இதன் கூத்தைப் பார்க்கலாம். கூட்டம் மொத்தமும் போனை எடுக்கும்போது டவர் திணறும். வைஃபை தேவைப்படுவது அப்போதுதான். உள்ளே நுழைய எண்ணைக் கொடுத்தால் ஓடிபி வர வேண்டும், அதே திணறும் டவர் வழியாக!

2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த பிஎம் வாணி திட்டம் எனக்குப் பிடித்த யோசனை. டீக்கடைக்காரரும் உரிமம், உரிமக் கட்டணம் எதுவுமின்றி வைஃபை விற்கலாம். 2022-க்குள் ஒரு கோடி ஹாட்ஸ்பாட் என்பது 2018 தொலைத்தொடர்புக் கொள்கையின் இலக்கு. எண்ணிக்கை சில லட்சங்களோடு நின்றது. கடைக்காரரிடம் இணையச் சேவை நிறுவனங்கள் வணிகக் குத்தகை இணைப்பின் விலையைக் கேட்டதுதான் பெரிய தடை. வீட்டு பிராட்பேண்ட் விலையைப் போல இரு மடங்குக்கு மேல் வாங்கக் கூடாது என்று 2025 ஜூனில்தான் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் உச்சவரம்பு வைத்தது. 700 ரூபாய் வீட்டுத் திட்டம் என்று வைத்துக்கொண்டால், கடைக்கு 1,400 வரை ஆகலாம். ஐந்து ரூபாய் கூப்பன் மாதம் 280 விற்றால்தான் இணைப்புக் காசே திரும்பும். நாளுக்கு ஒன்பதுதானே என்று தோன்றும். தினசரி ஒன்றரை ஜிபி பையில் இருக்கிறவர்களிடம் அந்த ஒன்பதை விற்றுப் பார்க்க வேண்டும். வெளியூர்த் தொழிலாளர்கள் நெருக்கியடித்துத் தங்கும் குடியிருப்புக்குப் பக்கத்துக் கடை என்றால் நடக்கலாம். மற்ற இடங்களில் எனக்கு நம்பிக்கையில்லை.

உண்மையில் காசு பார்த்தவர்கள் அமெரிக்கக் கேபிள் நிறுவனங்கள். 2011-ல் காம்காஸ்ட்டும் கூட்டாளிகளும் சும்மா கிடந்த அலைக்கற்றையை 360 கோடி டாலருக்கு மொபைல் நிறுவனமான வெரைசனிடம் விற்றார்கள். அந்தப் பேரத்தில் வெரைசன் நெட்வொர்க்கின் மேல் சொந்தப் பெயரில் சிம் விற்கும் உரிமையும் கிடைத்தது. 2017-ல் காம்காஸ்ட், அடுத்த ஆண்டு சார்ட்டர் என்று கடை திறந்தார்கள். 2024 முடிவில் இருவரிடமும் சேர்த்து ஒன்றரைக் கோடிக்கும் மேல் இணைப்புகள். அவர்களுடைய மொபைல் டேட்டாவில் கிட்டத்தட்ட 90 சதவீதம் வைஃபையில் ஓடுவதாக அவர்களே சொல்கிறார்கள். வெரைசனுக்கு அளந்து கொடுக்க வேண்டியது மீதி மட்டும். இங்கே ஆஃப்லோடு விற்பனைச் சரக்கே அல்ல, செலவைக் குறைக்கும் வழி. சிம்மும் ஃபைபரும் ஒரே கையில் இருப்பதால் மிச்சமும் அந்தக் கையிலேயே தங்குகிறது. பில் ஒன்றானதும் வாடிக்கையாளர் பிராட்பேண்டை விட்டுப் போவதும் குறைகிறது; பெரிய லாபம் அதுதான் என்பேன்.

குறையும் உண்டு. வாடிக்கையாளர் வீட்டு ரவுட்டரிலேயே ஊருக்கான இரண்டாவது வைஃபையை காம்காஸ்ட் திறந்துவைத்தது. என் கரண்டில், என்னைக் கேட்காமலா என்று 2014-ல் கலிஃபோர்னியாவில் வழக்கே போட்டார்கள். தெருவில் போகிறவரின் போனோ ஒற்றைக் கோடு வைஃபையைப் பிடித்துக்கொண்டு நல்ல 5ஜியைக் கோட்டை விடும். இத்தனைக்கும் மேல், சிம்முக்கு நெட்வொர்க் தரும் அதே வெரைசன் இன்று 5ஜி வீட்டு இணையத்தை விற்று, கேபிள்காரர்களின் பிராட்பேண்ட் வாடிக்கையாளர்களை இழுத்துக்கொண்டிருக்கிறது.

நம் ஊர்ச் சிறு நிறுவனத்துக்கு அந்த வழியும் எட்டாது. பிறர் நெட்வொர்க்கில் சிம் விற்க 2016-லேயே உரிமம் வந்தும் மொபைலில் அது வேர்பிடிக்கவில்லை. எங்கள் கேபிள்காரரிடம் இதையெல்லாம் சொன்னேன். அவர் கவலை வேறு: முகூர்த்த நாளில் கல்யாண மண்டபத்துக்கு லைவ் போட இரண்டு நாள் இணைப்பு கேட்கிறார்களாம். அதற்கு மண்டபக்காரர் முன்பணமே கொடுத்துவிடுகிறார்.