திறந்தே கிடக்கும் கதவு

பிரான்ஸில் கோல்மார் என்று ஒரு ஊர். 13-ம் நூற்றாண்டில் அங்கே டொமினிக்கன் கன்னியாஸ்திரீகள் வாழ்ந்த மடம், 1853-லிருந்து மியூசியம். பெயர் உன்டர்லிண்டன். அவர்கள் ஜெபம் செய்த சேப்பலில் இப்போது நாம் டிக்கெட் வாங்கிக்கொண்டு போய் நிற்கலாம். எதிரே, மாத்தியாஸ் க்ரூனெவால்ட் 1512-க்கும் 1516-க்கும் நடுவே வரைந்த ஈசன்ஹைம் பலிபீட ஓவியம்.

ஓவியத்துக்கு இது சொந்த வீடு இல்லை. தெற்கே ஈசன்ஹைம் கிராமத்தில் அந்தோணியார் சபைத் துறவிகள் நடத்திய மடத்துக்காக வரைந்தது. அது ஆஸ்பத்திரியும்கூட. ரை என்ற தானியத்தில் பூஞ்சை பிடிக்கும். அந்த மாவில் சுட்ட ரொட்டியைத் தின்றால் கை கால் தீயாய் எரியும், அழுகும், சில சமயம் வெட்டி எடுக்க வேண்டிவரும். இன்ன காரணம் என்று அப்போது யாருக்கும் தெரியாது. 'அந்தோணியார் நெருப்பு' என்றார்கள்.

அந்த நோயாளிகள் பார்க்கவே இந்த ஏசு. சிலுவையில் அழகான உடம்பெல்லாம் இல்லை. பச்சை பூத்த தோல், மேலெல்லாம் முள் தைத்த புண், விறைத்து விரிந்த விரல்கள். 'உனக்கு வந்தது எனக்கும் வந்ததப்பா' என்கிறார். இதைவிட நெருக்கமான ஆறுதலை ஐரோப்பிய ஓவியத்தில் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

விஷயம் அதோடு முடியவில்லை. இது கதவுகள் வைத்த ஓவியம். சாதாரண நாட்களில் மூடியிருக்கும்; சிலுவைதான் தெரியும். பண்டிகை வந்தால் திறப்பார்கள். உள்ளே தேவதைகளின் கச்சேரி, ஒளிவட்டத்தோடு உயிர்த்தெழும் ஏசு, முள் தைத்த புண்ணெல்லாம் மறைந்த பளபள உடம்பு! அதற்கும் உள்ளே நிக்கோலஸ் ஹாகனவர் செதுக்கிய அந்தோணியார். வலியோடு காத்திருந்தவனுக்குத்தான் அந்தக் கதவு திறந்தது.

மியூசியத்தில் பலகைகளைப் பிரித்துத் தனித்தனியாக நிறுத்தியிருக்கிறார்கள். முன்னால் சிலுவை, நாலு எட்டு வைத்தால் உயிர்ப்பு. குறை சொல்ல மனசு வரவில்லை. ஐந்நூறு வருஷத்து மரத்தைத் தினமும் திறந்து மூட முடியாது. நாமும் அடுத்த பண்டிகை வரை கோல்மாரில் தங்கப்போவதில்லை. புரட்சியில் மடங்களைக் கலைத்த பிறகும் இது பிழைத்துக் கிடப்பதே பெரிய விஷயம்.

ஆனாலும் கணக்கு இடிக்கிறது. ஓவியம் மொத்தமும் வரவு, காத்திருப்பு செலவு. அந்தக் காத்திருப்பும் ஓவியத்தில் ஒரு பாதி இல்லையா?

போகிறவர்களுக்கு ஒரு யோசனை. சிலுவைக்கு முன்னால் கால் மணி நேரமாவது நின்றுவிட்டு அப்புறம் பின்பக்கம் போங்கள். கதவை நாமே கொஞ்ச நேரம் மூடி வைத்த மாதிரி இருக்கும்.