ஓவியத்தைக் கண்ட நகையும் காணாத நகையும்

புதுமுறை ஓவியங்களை எள்ளி வரையப்படும் கேலிச்சித்திரங்களைக் கண்டு நகையாதார் அரியர். நாமும் நகைத்திருக்கிறோம், நகைப்பது குற்றமன்று. ஆயின், அந்நகை ஓவியத்தைப் பார்த்த பின் எழுந்ததா, பாராமலிருப்பதற்குச் சாக்காக எழுந்ததா என்பதை அன்பர்கள் ஆராய வேண்டும்.

1874-இல் பாரிஸ் நகரில் மோனே முதலிய ஓவியர் சிலர், சலோன் என்னும் அதிகாரக் கண்காட்சியை நாடாது, தாமே ஒரு கண்காட்சி நடத்தினர். ‘ஷாரிவாரி’ என்னும் நையாண்டிப் பத்திரிகையில் லூயி லெருவா என்பார், மோனேயின் படமொன்றின் பெயரைப் பற்றிக்கொண்டு, அக்கூட்டத்தாரை ‘மனப்பதிவுக்காரர்’ எனப் பழித்தெழுதினார். (அவ்வசைப் பெயரே பின்னர் அவர்தம் புகழ்ப் பெயராயிற்று!) 1877-இல் அதே பத்திரிகையில் ஷாம் என்னும் புனைபெயர் பூண்டவர் வரைந்த படமொன்றில், கண்காட்சிக்குள் புகவரும் கர்ப்பிணியை, அவள் நலங்கருதிக் காவலன் தடுக்கின்றான். மற்றொன்றில், போர்க்களத்திற் பகைவரை வெருட்டத் துருக்கியர் அவ்வோவியங்களை விலைக்கு வாங்குகின்றனர். சிரிப்பு வருவது மெய்யே. எனினும், ஓவியம் இருந்த இடத்தில் விகாரமான வேறெதனை வைத்தாலும் அச்சிரிப்பு அப்படியே நிற்கும். மோனே ஒளியை எங்ஙனம் தீட்டினார் என்பது பற்றி அதில் ஓர் அணுவும் இல்லை. புதியது எதுவாயினும் முதலில் நகைத்துத் தள்ளும் மனப்பான்மைக்கு இத்தகைய படங்கள் நல்ல தீனி. ஆங்கிலங் கற்ற நம் கிராணிமாரிடமும் அம்மனப்பான்மை குறைவன்று.

இனி, 1913-இல் நியூயார்க்கில் பட்டாளத்தாரின் ஆயுதசாலையொன்றில் நடந்த கண்காட்சியை நோக்குவோம். அங்கே பெருங்கூச்சலை விளைத்தது, ஆடையற்ற உருவமொன்று படியிறங்குவதாகத் தூஷான் தீட்டிய படம். ஓருடல் அடுத்தடுத்த கணங்களில் கொண்ட நிலைகளை ஒன்றன்மேலொன்றாய் அடுக்கியிருந்தார் அவர். ‘ஈவினிங் சன்’ பத்திரிகையில் கிரிஸ்வோல்டு என்பார் அதனைப் பகடி செய்தார். நெரிசல்வேளையில் சுரங்க ரயிலுக்கு முண்டியடித்து இறங்கும் கும்பலை அதே கோணல்மாணல் துண்டுகளாக வரைந்து, தலைப்பில் ஓரெழுத்தை மாற்றி, ‘ஆடையற்ற’ என்ற சொல்லை ‘முரட்டு’ என்றாக்கினார். ஈதன்றோ நகை! முழங்கையும் முழங்காலும் கலந்து எவருடையது எதுவெனத் தெரியாத அந்நெரிசலைக் கண்டவன், தூஷான் செய்ய முயன்றதை நொடியில் உணர்வான். கேலி செய்யப் புகுந்தவர் உரையாசிரியராகிவிட்டார். மூலத்தைக் கூர்ந்து நோக்காதவர்க்கு அது கைகூடாது.

1946-இல் ‘பி.எம்.’ என்னும் நியூயார்க் நாளிதழில், தாமே அருவ ஓவியரான ஆட் ரைன்ஹார்ட் வரைந்ததும் ஈண்டு நினைக்கத்தக்கது. ஓவியமொன்றைச் சுட்டி, இது எதைக் குறிக்கிறதெனக் கெக்கலிக்கிறான் ஒருவன். ஓவியமோ சினந்து விரல்நீட்டி, நீ எதைக் குறிக்கிறாய் என அவனையே கேட்கிறது. கேள்வி கூரியதே. ஆனால் அப்படத்தில் வாத்தியாரின் பிரம்பு சற்றே தலைகாட்டுகிறது. இவ்விரண்டில் ஒன்றை நம் அறைச்சுவரில் ஒட்டிக்கொள்ளத் தருவாராயின், நாம் கிரிஸ்வோல்டின் கும்பலையே கேட்டு வாங்குவோம்.