மன்னன் கதையா, மக்கள் கதையா?

செட்டிநாட்டு மாளிகைகளிலே இத்தாலியச் சலவைக்கல் மின்னுகிறது. கல் வந்தது, அந்நாட்டார் வரலாற்றுப் புதினம் புனைந்த நெறி வந்ததா?

இத்தாலியின் மான்சோனி 1827-இல் வெளியிட்ட பெரும் புதினம், மணம் பேசப்பட்ட இருவரின் கதை. தலைவன் ரென்சோ முடிமன்னனல்லன். பட்டு நூற்கும் தொழிலாளி! ஊர்ப் பிரபுவின் மிரட்டலுக்கு நடுங்கி, மணம் முடித்துவைக்க மறுக்கிறார் பாதிரியார். 1628-இல், ஸ்பெயினுக்கு அடிமைப்பட்ட மிலான் நகரிலே ரொட்டிக்காகக் கலகம் மூள்கிறது. 1630-இல் கொள்ளைநோய். சுவரிலே நச்சுத்தைலம் பூசி நோய் பரப்புகிறார்கள் என்று பித்தெழுந்த கூட்டம் அப்பாவிகளை வேட்டையாடுகிறது. நீதிமன்றமோ வதைத்துக் கொல்கிறது. மூடத்தனத்தின் இம்முகத்தை ஒளிக்காமல் தீட்டிய மான்சோனி நாத்திகரல்லர், பழுத்த கத்தோலிக்கர்!

இங்கே? காரைக்குடியை அடுத்த சிறுகூடல்பட்டி ஈன்ற கண்ணதாசனின் 'சேரமான் காதலி' 1980-இல் சாகித்திய அகாதெமிப் பரிசு பெற்றது. அவர்தம் தமிழ்நடையின் இனிமையை நாம் மறுக்கவில்லை. ஆனால் கதை யாருடையது என்பதைத் தலைப்பே சொல்லிவிடுகிறதே! வில்லும் வேலும், அரியணையும் அந்தப்புரமும் போதும் தோழர்களே. அந்தச் சலவைக்கல்லைத் துறைமுகத்தில் இறக்கியவன், மாட்டுவண்டியில் ஏற்றியவன், முழந்தாளிட்டுத் தளத்தில் பதித்தவன் — இவனைத் தலைவனாக்கிய புதினத்தையே செட்டிநாட்டு எழுத்தாளரிடம் நாம் கேட்கிறோம்.