லியர் எதைக் கண்டான்?

துன்பியல் நாடகம் பற்றி ஒரு பத்தி எழுதச் சொன்னால் மாணவர்கள் பெரும்பாலும் முடிவை முதலில் எழுதிவிட்டு, அதைத் தாங்கும் வரியைப் பிறகுதான் தேடுகிறார்கள். பெரிய விமர்சகர்களும் இதற்கு விலக்கல்ல. ஷேக்ஸ்பியரின் 'கிங் லியர்' பற்றி நூறாண்டுக்கும் மேலாக எழுதப்பட்டவற்றில், அந்த நாடகத்தின் கடைசி நிமிடத்தைக் குறித்தவற்றை மட்டும் எடுத்துப் பார்த்தாலே இது தெரியும்.

தூக்கிலிடப்பட்ட கார்டீலியாவைக் கைகளில் ஏந்திக்கொண்டு லியர் வருகிறான். மகள் செத்துவிட்டாள் என்கிறான். உடனே அவள் மூச்சு படிகிறதா என்று பார்க்கக் கண்ணாடி கேட்கிறான். இறகு அசைகிறது என்கிறான். பிறகு, போய்விட்டாள் என்கிறான். தன் பொத்தானைக் கழற்றிவிடும்படி கேட்டு, அதற்கு நன்றியும் சொல்கிறான். அவள் உதடுகளைப் பாருங்கள் என்று சுற்றி நிற்பவர்களுக்குக் காட்டியபடியே உயிரை விடுகிறான். அந்த உதடுகளில் அவன் கண்டது என்ன?

ஏ.சி. பிராட்லி 1904-இல் வெளியிட்ட 'ஷேக்ஸ்பியரியத் துன்பியல்' நூலில் இதற்கு ஒரு விடை தந்தார். மகள் பிழைத்துவிட்டாள் என்று நம்பி, தாங்க முடியாத மகிழ்ச்சியில் லியர் சாகிறான். நடிகரின் குரலிலும் அசைவிலும் அது வெளிப்பட வேண்டும் என்றார். இதற்குத் துணைச்சான்று நாடகத்திலேயே கிடைக்கிறது. கண்கள் பிடுங்கப்பட்ட குளோஸ்டர், தனக்கு வழிகாட்டி வந்தவன் தன் மகனே என்று அறிந்ததும் மகிழ்ச்சிக்கும் துயரத்துக்கும் நடுவே நெஞ்சு வெடித்து இறந்த செய்தியை, இதே காட்சியில் சற்று முன்பு எட்கர் சொல்கிறான். ஒரு தந்தையின் சாவு மற்றொரு தந்தையின் சாவுக்கு முன்னோட்டம் என்று வாதிடலாம். நல்ல வாதம்தான். ஆனால் குளோஸ்டருக்கு மகன் உயிரோடு கிடைத்தான். லியரின் கையிலோ பிணம். லியரைப் பார்த்து நிற்கும் கென்ட்டும் அந்தச் சாவில் மகிழ்ச்சி எதையும் காணவில்லை, வதைக்கருவியிலிருந்து ஒருவன் விடுபட்டதாகத்தான் பேசுகிறான். தனக்குச் சாதகமான வரியோடு பாதகமான வரியையும் எடுத்துவைத்து, இரண்டையும் எடைபோட்ட பின் எழும் பத்திக்கே நான் மதிப்பெண் போடுவேன்.

பிராட்லி வழியில் பாத்திரங்களை உயிருள்ள மனிதர்களாகவே பாவிக்கும் பழக்கத்தை எல்.சி. நைட்ஸ் 1933-இல், லேடி மேக்பெத்துக்கு எத்தனை பிள்ளைகள் என்று தலைப்பிலேயே கேட்டுக் கேலி செய்தார். கவனம் மொழிப்பக்கம் திரும்பியது. கரோலின் ஸ்பர்ஜன் 1935-இல் ஷேக்ஸ்பியரின் படிமங்களை எண்ணி வகைப்படுத்தி, லியர் நாடகம் முழுவதும் வதைபடும் உடலின் படிமம் ஓடுவதைக் காட்டினார். ராபர்ட் ஹைல்மன் 1948-இல் பார்வை, ஆடை முதலிய படிமக் கோவைகளைக் கொண்டு ஒரு நூலே எழுதினார். சான்றுகள் குவிந்தன. ஆனால் ஒரு சொல்லை யார், யாரிடம், எந்த நிலையில் சொல்கிறார் என்பது பட்டியலுக்குள் மங்கிவிடுகிறது. மேடையில் பேசப்படுவதற்கென்றே எழுதப்பட்ட ஒன்றுக்கு இது சிறிய இழப்பல்ல.

அந்தக் குறையை ஈடுசெய்தவர் தத்துவவாதியான ஸ்டான்லி கேவெல். 1969-இல் வெளியான அவரது நீண்ட கட்டுரை, இந்த மனிதன் இந்தக் கணத்தில் இதை ஏன் சொல்கிறான் என்று வரிக்கு வரி கேட்கிறது. பித்தேறிய லியர், குருடனாகிவிட்ட குளோஸ்டரைத் தெரியும் என்று ஒப்புக்கொள்ளும் இடத்தை எடுத்துக்கொண்டு, பதிலுக்குப் பார்க்க முடியாதவன் முன்னால்தான் லியரால் தன்னைக் காட்டிக்கொள்ள முடிகிறது என்கிறார். லியரின் செயல்களுக்கு அடியில் இருப்பது வெட்கம் என்று முடிக்கிறார். கொப்பீலியா கான் 1986-இல் வேறு திசையில் போனார். மூன்று மகள்களின் தாய் மேடைக்கே வராததை ஒரு சான்றாக வாசித்தார். இல்லாததைச் சான்றாக்குவது வழுக்குப்பாறை. ஆனால் தனக்குள்ளேயே தாய் எழும்பி நெஞ்சை நோக்கி வீங்குவதாக லியர் கதறும் வரி அவருக்குப் பிடிமானமாக இருந்தது.

இதற்கிடையே காலடி மண்ணே பெயர்ந்தது. லியருக்கு இரண்டு பழைய அச்சுகள் உண்டு: 1608-இன் குவார்ட்டோ, 1623-இன் ஃபோலியோ. முதலாவது தன்னை வரலாறு என்று அழைத்துக்கொள்கிறது, இரண்டாவது துன்பியல் என்று. குவார்ட்டோவில் உள்ள ஏறத்தாழ 300 வரிகள் ஃபோலியோவில் இல்லை. ஃபோலியோவில் உள்ள சுமார் 100 வரிகள் குவார்ட்டோவில் இல்லை. பதிப்பாளர்கள் நெடுங்காலம் இரண்டையும் கலந்தே அச்சிட்டு வந்தார்கள். இவை வெறும் பாடபேதங்கள் அல்ல, ஆசிரியரே திருத்தி எழுதிய இரு நாடகங்கள் என்ற வாதம் 1970-களின் இறுதியிலிருந்து வலுத்தது. 1986-இல் ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பு இரண்டு லியர்களையும் தனித்தனியே அச்சிட்டது.

பிராட்லியின் பத்தியை இப்போது எடுத்துப் பாருங்கள். உதடுகளைக் காட்டும் பேச்சு ஃபோலியோவில் மட்டுமே உள்ளது. குவார்ட்டோவில், இனி ஒருபோதும் வரமாட்டாள் என்ற மறுப்பு ஐந்து முறைக்குப் பதில் மூன்றே முறை வருகிறது. பொத்தானுக்கு நன்றி சொன்னபின் நான்கு முனகல்கள். நெஞ்சே உடைந்துவிடு என்று ஃபோலியோவில் கென்ட் சொல்வதைக் குவார்ட்டோவில் லியரே சொல்லிச் சாகிறான். மகிழ்ச்சிச் சாவுக்கு அங்கே இடமே இல்லை.

மறுதரப்பையும் இந்த அச்சுச் சிக்கல் விட்டுவைக்கவில்லை. நாடகத்தில் நீதி என்ற பொருளில் எழுதுபவர்கள் தவறாமல் எடுத்தாளும் இடம், பித்தேறிய லியர் இல்லாத மகள்களைக் கூண்டிலேற்றி நடத்தும் போலி விசாரணை. அது குவார்ட்டோவில் மட்டும் உண்டு. குளோஸ்டரின் குருதி வழியும் முகத்துக்கு மருந்திடும் பணியாட்களும் அப்படியே. இருண்ட உலகில் கருணையின் எச்சத்துக்குச் சான்றாகக் காட்டப்படும் அந்தச் சில வரிகளைப் பீட்டர் புரூக் 1962 மேடையேற்றத்தில் வேண்டுமென்றே வெட்டினார். கருணையற்ற லியரை உருவாக்க அவர் ஒரு வரிகூடப் புதிதாக எழுதத் தேவைப்படவில்லை.

பிரையன் விக்கர்ஸ் 2016-இல் இந்த இரட்டை லியர் கொள்கையையே மறுத்தார். அச்சகத்தார் நிக்கலஸ் ஓக்ஸ் தேவையான காகிதத்தைக் குறைத்துக் கணக்கிட்டதால்தான் குவார்ட்டோவில் வரிகள் விடுபட்டன என்பது அவர் வாதம். அதைப் பலர் ஏற்கவில்லை. அது சரியென்றால், குவார்ட்டோவில் உதடுகள் இல்லாதது லியரின் மனநிலைக்கு எந்தச் சான்றும் ஆகாது, காகிதப் பற்றாக்குறைக்கு மட்டுமே சான்று. ஆர்.ஏ. ஃபோக்ஸின் 1997 ஆர்டன் பதிப்பு ஒவ்வொரு தனிவரியும் எந்த அச்சுக்குரியது என்பதைச் சிறு மேற்குறிகளால் காட்டுகிறது. வகுப்பறைக்கு இன்று நான் பரிந்துரைப்பது அதைத்தான்; பக்கம் பார்க்க அழகாக இருக்காது.