பாலும் புளிக்குமா?

கூட்டணி என்றால் நமக்கெல்லாம் தொகுதிப் பங்கீடுதான் ஞாபகத்துக்கு வரும். ரஞ்சய் குலாட்டிக்குக் கம்பெனிகள். டெல்லி செயின்ட் ஸ்டீபன்ஸ் கல்லூரியில் பொருளாதாரம் படித்துவிட்டு அமெரிக்கா போனவர். 1993-ல் ஹார்வர்டில் டாக்டர் பட்டம், அப்புறம் கெல்லாக்கில் பேராசிரியர், பிறகு மறுபடி ஹார்வர்டு. ஒரு கம்பெனி யாரோடு கைகோக்கும், எப்போது பத்திரம் கேட்கும், எப்போது 'நம்ம ஆளுதானே' என்று விட்டுவிடும்? இந்தக் கேள்விகளைச் சுற்றியே பல வருஷம் எழுதினார்.

பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்பது நம் பழமொழி. இங்கிலீஷிலும் அதே அர்த்தத்தில் ஒன்று உண்டு. அதைத் தலைகீழாக்கி, 'பழக்கம் நம்பிக்கையை வளர்க்குமா?' என்று 1995-ல் ஒரு கட்டுரைக்குத் தலைப்பு வைத்தார். மருந்து, கார், புதுவகை மூலப்பொருள் என்று மூன்று தொழில்கள். 1970 முதல் 1989 வரை ஏற்பட்ட இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கூட்டணிகள். இரண்டு கம்பெனிகள் முதல் தடவை சேரும்போது கொஞ்சம் சந்தேகம் இருக்கும். அதனால் ஒன்றில் ஒன்று பங்கு வாங்கும், அல்லது இருவரும் பணம் போட்டுத் தனிக் கம்பெனி ஆரம்பிப்பார்கள். 'நீ ஏமாற்றினால் உனக்கும் நஷ்டம்' என்கிற ஏற்பாடு. ஆனால், ஏற்கெனவே கூட்டு வைத்துப் பழகியவர்கள் இப்படி முடிச்சுப் போட்டுக்கொள்வது குறைவு. வெறும் ஒப்பந்தம் போதும் என்று இருந்துவிடுகிறார்கள்.

இது எங்க தெரு மளிகைக்கடை அண்ணாச்சிக்கே தெரியுமே என்பீர்கள். தெரியும்தான். தெரிந்த விஷயத்தை எண்ணிக் காட்டுவதும் ஒரு வேலைதானே! பி.காம். படித்த எனக்கு, கம்பெனி என்றால் தனித்தனித் தீவு என்றுதான் சொல்லிக் கொடுத்தார்கள். 'குட்வில்' கணக்கில் தலைகாட்டுவதே வியாபாரம் கைமாறும்போதுதான். அந்த வகையில் குலாட்டிக்கு ஒரு வணக்கம்.

இந்த அளவுகோலை அப்படியே காஞ்சிபுரத்துக்குக் கொண்டு போவோம். ஒரு பட்டுப் புடவை என்பதே கூட்டணி சமாசாரம். பட்டு கர்நாடகாவிலிருந்து. ஜரிகை பெரும்பாலும் சூரத்திலிருந்து. முறுக்குவது ஒருவர், சாயம் போடுவது ஒருவர், பாவு தயார் செய்வது ஒருவர். கோர்வைப் புடவை என்றால் உடலுக்குத் தனி நாடா, கரைக்குத் தனி நாடா. தறியிலேயே இரண்டு பேர் வேண்டும். இவ்வளவையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு நடுவில் இருப்பவர் முதலாளி. அதாவது மாஸ்டர் வீவர். பட்டும் ஜரிகையும் அவர் கொடுப்பார், நெய்கிறவருக்குக் கூலி.

முதலாளிக்கும் பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரருக்கும் நடுவே பெரும்பாலும் பத்திரம் கிடையாது. இவர் அப்பா அவர் அப்பாவுக்கு நெய்தார், அவ்வளவுதான். பழக்கம் முற்றினால் காகிதம் குறையும் என்ற முடிவுக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. குலாட்டி பாஸ்!

கொஞ்சம் பொறுங்கள். அட்வான்ஸ் என்று ஒன்று இருக்கிறது. பெண் கல்யாணம், ஆஸ்பத்திரி, தீபாவளி என்று தறிக்காரர் முதலாளியிடம் முன்பணம் வாங்குவார். நெய்கிற வரைக்கும் அது அப்படியே நிற்கும். வேறு முதலாளியிடம் போக வேண்டுமா? பழைய பாக்கியைத் தீர்த்துவிட்டுப் போ. சாதாரணமாக அதைத் தீர்ப்பவர் புது முதலாளி. ஆக, கடன் அப்படியே இருக்கும், கடன்காரர்தான் மாறுவார். இந்த உறவு முப்பது வருஷம் நீடித்தால், ஆராய்ச்சிக் கணக்கில் அது 'நீண்டகால நம்பிக்கை' என்று ஏறிவிடும் ஆபத்து உண்டு. தமிழில் நம்புவது வேறு, நம்பியிருப்பது வேறு. தறிக்காரர் நம்புகிறாரா, வேறு வழியில்லாமல் நம்பியிருக்கிறாரா?

குலாட்டிக்கு இந்த வித்தியாசம் தெரியாது என்று சொன்னால் அநியாயம். 2007-ல் மாக்சிம் சிட்ச் என்பவரோடு சேர்ந்து இதையேதான் எடுத்துக்கொண்டார். ஃபோர்டு, கிரைஸ்லர் கம்பெனிகளும் அவற்றுக்கு உதிரி பாகம் சப்ளை செய்பவர்களும். யார் யாரை அதிகமாக நம்பியிருக்கிறார்கள் என்று அளந்தார்கள். இருவருமே ஒருவரை ஒருவர் பலமாகச் சார்ந்திருந்தால் பலன் கூடுகிறது என்பது ஒரு முடிவு. நல்ல கட்டுரை. ஆனால் யாருக்குப் பலன்? தலைப்பிலேயே எழுதியிருக்கிறார்கள்: உற்பத்தியாளருக்கு, அதாவது கார் கம்பெனிக்கு. சப்ளை செய்தவர் தேறினாரா, தேய்ந்தாரா என்பது அங்கே கேள்வியே இல்லை. என் சண்டை இந்த இடத்தில்தான். பிசினஸ் ஸ்கூல் ஆராய்ச்சி பெரும்பாலும் பெரிய நாற்காலியில் உட்கார்ந்துகொண்டுதான் எதிரே பார்க்கிறது. ஃபீஸ் கட்டி அங்கே படிக்க வருகிறவர்கள் நாளைக்கு அந்த நாற்காலியில் உட்காரப் போகிறவர்கள்தானே!

காஞ்சிபுரத்துக்கே வந்து பார்த்தவர் உண்டு. யுவான் ஆர்டர்பர்ன் இங்குள்ள பட்டுக் கூட்டுறவு சங்கங்களைப் பற்றி 1982-ல் ஒரு புத்தகமே போட்டார். தலைப்பில் தறியும் உண்டு, 'ஒருவரை ஒருவர் சார்ந்திருத்தல்' என்பதும் உண்டு. சங்கம் என்பது குலாட்டி சொன்னதற்கு நேர் எதிர் திசையில் போன கூட்டணி. பழக்கத்தை நம்பாமல் காகிதத்தை உள்ளே கொண்டுவந்தது. உறுப்பினர் எண், பங்குத்தொகை, கூலி விவரம், ரசீது. தொல்லைகள் இல்லாமல் இல்லை. புடவை தேங்கினால் அடுத்த பாவுக்குக் காத்திருக்க வேண்டும். முதலாளியிடம் ராத்திரி கதவைத் தட்டி அட்வான்ஸ் கேட்கிற மாதிரி சங்கத்தில் கேட்க முடியாது. ஆனாலும் தறிக்காரர் தன் கணக்கைத் தானே பார்க்கலாம். பலவீனமான ஆளுக்குக் காகிதம் சந்தேகத்தின் அடையாளமில்லை சார், பிடிமானம்.

ஒரு தறிக்காரர் முதலாளியை மாற்ற நினைத்த நாளுக்கும் மாற்றிய நாளுக்கும் நடுவில் எத்தனை வருஷம்? ஹார்வர்டிலோ காஞ்சியிலோ யாராவது இதைக் கணக்கெடுத்துக் கட்டுரை எழுதினால் சொல்லுங்கள். காசு கொடுத்து வாங்கிப் படிக்கிறேன்.