ஆறாத சாப்பாடு, ஆளில்லாத நாற்காலி

மாரிஸ் செண்டாக் எழுதி வரைந்த ‘வேர் த வைல்ட் திங்ஸ் ஆர்’ 1963-இல் அமெரிக்காவில் வெளிவந்தது. ஓநாய் வேஷம் போட்டுக்கொண்டு வீட்டை இரண்டாக்குகிற மாக்ஸ் என்ற பையன், அதட்டிய அம்மாவையே தின்றுவிடப் போவதாக மிரட்டுகிறான். ராத்திரிச் சாப்பாடு கிடையாது, போய்ப் படு என்று அறைக்கு அனுப்பப்படுகிறான். அறைக்குள் மரம் முளைக்கிறது, காடாகிறது, கடல் வருகிறது. கோரைப் பல்லும் மஞ்சள் கண்ணும் கொண்ட பூதங்களுக்கு அவன் ராஜாவாகிறான்.

இந்தப் புத்தகத்தில் 350-க்கும் குறைவான சொற்களே உண்டு. மிச்சத்தைப் படங்கள் சொல்கின்றன. தொடக்கத்தில் படம் சின்னதாக, சுற்றிலும் நிறைய வெள்ளை விட்டு, அடைத்து வைத்ததுபோல் இருக்கிறது. ஆவேசம் ஏற ஏறப் படமும் பக்கத்துக்குப் பக்கம் பெரிதாகிறது. பக்கத்தை நிறைத்து எதிர்ப்பக்கத்துக்கும் வழிகிறது. பூதங்களோடு மாக்ஸ் கூத்தடிக்கும் இடத்தில் அடுத்தடுத்து மூன்று விரிப்புகளுக்கு எழுத்தே கிடையாது. பிறகு படம் சுருங்கத் தொடங்குகிறது. தனிமை உறுத்தி அவன் வீடு திரும்பினால் அறையில் சாப்பாடு இருக்கிறது. அது இன்னும் ஆறவில்லை என்று சொல்லும் கடைசிப் பக்கத்தில் படமே இல்லை. அம்மாவின் முகத்தை செண்டாக் ஓரிடத்திலும் வரையவில்லை. மாக்ஸ் கோபமாக இருந்தான் என்றுகூட எங்கும் எழுதவில்லை. அம்மா எப்போது வந்து சாப்பாட்டை வைத்துவிட்டுப் போனாள், அப்போது என்ன நினைத்திருப்பாள் என்பதையெல்லாம் படிப்பவரும் கேட்பவரும் தமக்குள் பேசித்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

1964-இல் கால்டிகாட் பதக்கம் பெற்ற இந்தப் புத்தகத்தை, 1969-இல் உளவியலாளர் புரூனோ பெட்டல்ஹைம் ஒரு பெண்கள் பத்திரிகைப் பத்தியில் கண்டித்தார். சாப்பாடு இல்லாமல் தாய் பிள்ளையைத் தனியே விடுவது, கைவிடப்படும் அச்சத்தைக் குழந்தைக்குள் கிளறும் என்றார். அவர் புத்தகத்தைப் படித்திருக்கவில்லை, தாய்மார்கள் சொல்லக் கேட்டே எழுதினார். பயத்தைப் படத்தில் காட்டினால் பிள்ளைக்குப் பயம் தொற்றிக்கொள்ளும் என்கிற இந்தக் கவலை பெரியவர்களை இன்றும் விடவில்லை. உண்மையில் பயமும் பொறாமையும் ஆங்காரமும் குழந்தையிடம் ஏற்கெனவே இருக்கின்றன. அவற்றை வெளியே ஓரிடத்தில், தனக்குச் சேதமில்லாத தூரத்தில் வைத்துப் பார்க்க அதற்கு வழியில்லை. நல்ல படப்புத்தகம் அந்த வழியைத் தருகிறது.

கடந்த பதினைந்து ஆண்டுகளில் குழந்தைகளின் உணர்ச்சிகளைப் பேசும் படப்புத்தகத் துறை பெரும் சந்தையாகியிருக்கிறது. ஸ்பெயினின் அன்னா லெனாஸ் 2012-இல் வெளியிட்ட வண்ணப் பூதத்தின் கதை அதற்கு நல்ல உதாரணம். எல்லா நிறமும் குழம்பிக் கிடக்கும் பூதத்துக்கு ஒரு சிறுமி உதவுகிறாள்: மகிழ்ச்சி மஞ்சள், சோகம் நீலம், ஆத்திரம் சிவப்பு என்று பிரித்துத் தனித்தனி ஜாடியில் போட வைக்கிறாள். மழலைப் பள்ளிகள் இதைக் கொண்டாடுகின்றன. மூன்று வயதுப் பிள்ளை, ‘எனக்கு இன்னைக்கு நீலம்’ என்று சொல்ல முடிவது சின்ன விஷயமில்லை. ஆனால் தம்பி பிறந்த வீட்டு மூத்த பிள்ளையின் மனதில் சிவப்பும் மஞ்சளும் ஒரே நேரத்தில்தான் இருக்கும். தம்பியைக் கொஞ்சுகிற அதே கை கிள்ளவும் செய்கிறது. அதற்கு ஜாடி போதாது. இந்தப் புத்தகத்தின் வெற்றியைப் பார்த்து வந்த பல புத்தகங்களில், கடைசிப் பக்கத்தில் மூச்சை இழுத்துவிடச் சொல்லும் பாடம் வந்துவிடுகிறது. பாடம் வந்ததும் பேச்சு நின்றுவிடுகிறது என்பதே அவற்றின் மீது எனக்குள்ள வருத்தம்.

மாலி பேங் 1999-இல் வரைந்த சோஃபியின் கதையிலும் வண்ணம்தான் வேலை செய்கிறது, வேறு விதமாக. பொம்மைக் கொரில்லாவுக்காகச் சகோதரியோடு சண்டை. சோஃபி கத்துகிறாள், உதைக்கிறாள், வெளியே ஓடுகிறாள். உருவங்களைச் சுற்றிய கோடு அந்தப் பக்கங்களில் சிவந்து எரிகிறது. அழுது தீர்த்து, ஒரு பழைய மரத்தில் ஏறித் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்கையில் கோடுகளின் நிறம் மெல்லத் தணிகிறது. வீடு திரும்பியவளை யாரும் விசாரிப்பதில்லை, மன்னிப்புக் கேட்கச் சொல்வதுமில்லை. எந்தப் பக்கத்தில் ஆத்திரம் அடங்கியது என்று கண்டுபிடிப்பது கேட்கும் குழந்தையின் வேலை.

இப்படி வேலையைக் குழந்தையிடம் விடுவதன் பலனை ஆய்வுகளும் சொல்கின்றன. குழந்தைக்கு வாசித்துக் காட்டுவதைவிட, கேள்வி கேட்டு அதையே கதைசொல்லியாக்குவது பேச்சை வளர்க்கிறது என்று குரோவர் வைட்ஹர்ஸ்ட் குழுவினர் 1988-இல் காட்டினர். பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் சீலியா பிரவுனெலும் சக ஆய்வாளர்களும் 2013-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் நெருங்கிவந்தது. ஒன்றரை வயது முதல் இரண்டரை வயது வரையிலான குழந்தைகளோடு பெற்றோர் படப்புத்தகம் பார்க்கும்போது என்ன பேசுகிறார்கள் என்று கவனித்தார்கள். அந்தக் குழந்தைகள் பிறருக்கு உதவுகிறார்களா, தம்மிடம் இருப்பதைப் பங்கிடுகிறார்களா என்று தனியே பார்த்தார்கள். உணர்ச்சிகளைப் பற்றிப் பெற்றோர் தாங்களே எவ்வளவு பேசினார்கள் என்பது பெரிதாகத் தெரியவில்லை. குழந்தையைப் பேசவைத்த பெற்றோரின் பிள்ளைகளே அதிகம் உதவினார்கள், பகிர்ந்தார்கள்.

‘பாப்பா அழுவுது பாரு, பாவம்’ என்று அம்மா சொல்லி அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடலாம். ‘பாப்பா ஏன் கண்ணு அழுவுது?’ என்று கேட்டுவிட்டு, பிள்ளை படத்தைத் தடவி, யோசித்து, ‘அவங்க அம்மா ஆபீஸ் போயிட்டாங்க’ என்று தன் கதையைச் சொல்லும்வரை பொறுத்தும் இருக்கலாம். அந்தப் பொறுமைக்கு நம் வீடுகளில் பழக்கம் குறைவு. அழுகிற பையனிடம் ‘ஆம்பளப் புள்ள அழலாமா’ என்போம். அடங்காவிட்டால் பூச்சாண்டியைக் கூப்பிடுவோம். அழுகையை உடனே நிறுத்துவதே அக்கறை என்று நாமும் அப்படித்தான் வளர்க்கப்பட்டோம்.

எஸ்ரா ஜாக் கீட்ஸின் ‘பீட்டர்ஸ் சேர்’ (1967) நம் வீடுகளுக்கு மிக நெருக்கமானது. தன் தொட்டிலுக்கும் உயர நாற்காலிக்கும் அப்பா தங்கைக்காக இளஞ்சிவப்பு வண்ணம் அடிப்பதைப் பார்த்த பீட்டர், மிஞ்சியிருக்கும் சின்ன நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நாயோடு வீட்டைவிட்டு வெளியேறுகிறான். போவதென்னவோ வாசலுக்குத்தான். உட்காரப் பார்த்தால் நாற்காலி பற்றவில்லை, அவன் வளர்ந்துவிட்டிருக்கிறான். பிறகு அப்பாவோடு சேர்ந்து அதற்கும் வண்ணம் அடிக்கிறான். ‘நீ பெரியவன், விட்டுக்கொடு’ என்று யாரும் அவனிடம் சொல்லவில்லை. தான் படுத்த தூளியில் தங்கை ஆடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்கும் எந்தப் பிள்ளைக்கும் இது புரியும்.

மரணத்தைப் பற்றிய படப்புத்தகங்களில்தான் இந்தத் துறையின் உச்சங்கள் இருக்கின்றன என்பது என் கணிப்பு. ஜான் பர்னிங்ஹாம் 1984-இல் வெளியிட்ட ‘கிரான்பா’வில் ஒரு தாத்தாவும் பேத்தியும் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். இருவர் பேச்சும் வேறு வேறு எழுத்துருவில் வருகிறது. பாதி நேரம் அவர் ஒன்று சொல்ல இவள் வேறொன்று சொல்கிறாள். ஒருநாள் அவரால் வெளியே வந்து விளையாட முடியவில்லை. அடுத்து எழுத்தில்லாத பக்கம்: காலியான நாற்காலி, எதிரே அதைப் பார்த்தபடி பேத்தி. ஆலிவர் ஜெஃபர்ஸின் ‘த ஹார்ட் அண்ட் த பாட்டில்’ (2010) கதையிலும் ஒரு காலி நாற்காலி வருகிறது. அதைக் கண்ட சிறுமி இனி வலிக்கக் கூடாது என்று தன் இதயத்தைப் புட்டியில் போட்டு மூடிவிடுகிறாள். பெரியவளான பிறகு அதை வெளியே எடுக்க இன்னொரு சிறுமி வரவேண்டியிருக்கிறது.

ஜூடித் வியோர்ஸ்டின் ‘த டென்த் குட் திங் அபவுட் பார்னி’ (1971) பூனை இறந்த வீட்டின் கதை. அதைப் பற்றிய நல்ல விஷயங்கள் பத்தை யோசித்துவைக்கச் சொல்கிறாள் அம்மா. பையனுக்கு ஒன்பதுதான் கிடைக்கிறது. பூனை சொர்க்கத்துக்குப் போனதா என்று பிள்ளைகளுக்குள் வாக்குவாதம் வரும்போது, அப்பா தனக்கும் சொர்க்கத்தைப் பற்றி அதிகம் தெரியாது என்று ஒப்புக்கொள்கிறார். பிள்ளை முன்னால் ‘தெரியாது’ என்று சொல்லத் துணியும் அப்பா படப்புத்தகங்களில் அபூர்வம், வீடுகளிலும்தான். ஜப்பானின் யோகோ சானோ 1977-இல் படைத்த பூனை பத்து லட்சம் முறை செத்துப் பிழைத்தது, ஒருமுறைகூட அழாதது. தான் நேசித்த வெள்ளைப் பூனை இறந்தபோது அது முதல்முறையாக அழுகிறது, செத்துப்போகிறது, அதன்பின் பிழைக்கவேயில்லை. ஜெர்மனியின் வோல்ஃப் எர்ல்புருக் (2007) மரணத்தையே ஒரு பாத்திரமாக்கி வாத்தோடு குளத்தங்கரைக்கு அனுப்பினார். குளிரும் என்று வாத்து மரணத்தைக் கட்டிக்கொண்டு சூடேற்றப் பார்க்கும் பக்கம் ஒன்று போதும், அவர் எப்பேர்ப்பட்ட கலைஞர் என்று சொல்ல.

எழுத்தாளர் மைக்கேல் ரோசனின் மகன் எடி 1999-இல், 18 வயதில், மூளைக்காய்ச்சலால் இறந்தான். 2004-இல் குவென்டின் பிளேக் படங்களோடு வந்த ரோசனின் சோகப் புத்தகத்தில் முதல் பக்கத்திலேயே ரோசன் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறார். தான் சோகமாக இருப்பதாகவும், காட்டிக்கொள்ளாமல் நடிப்பதாகவும் எழுத்து சொல்கிறது. முகம் ஒன்று சொல்ல எழுத்து மறுக்கிறது. பெரியவர்கள் இப்படி நடிப்பார்கள் என்பது குழந்தைகளுக்கு எப்போதோ தெரியும். அதை அப்பாவே சொல்லும் புத்தகம் வந்ததுதான் புதிது.

நார்வேயின் குரோ டாலேயும் ஸ்வைன் நியூஹூஸும் 2003-இல் இன்னும் கடினமான இடத்துக்குப் போனார்கள். போய் என்ற சிறுவனின் அப்பாவுக்குள்ளிருந்து கோபக்காரன் ஒருவன் ஏறி வந்து அம்மாவை அடிக்கிறான். யாரிடமும் சொல்லக்கூடாத அந்த விஷயத்தைப் பையன் ராஜாவுக்குக் கடிதமாக எழுதுகிறான். தவறு அவன்மேல் இல்லை என்று சொல்ல ராஜா வருகிறார்.

இந்தியாவுக்கு வந்தால், சென்னையில் 1996-இல் தொடங்கிய தூலிகா தமிழ் உட்பட ஒன்பது மொழிகளில் படப்புத்தகம் வெளியிடுகிறது. பாட்டி எங்கே போனாள் என்று தேடும் நீனாவின் கதையை சதுரா ராவ் அதற்காக எழுதியிருக்கிறார். பெங்களூரின் பிரதம் புக்ஸ் 2015-இல் திறந்த ஸ்டோரிவீவர் தளத்தில் விநாயக் வர்மாவின் கோபக்கார அக்கு இருக்கிறாள். அங்குள்ள கதைகளை யாரும் இலவசமாக மொழிபெயர்க்கலாம், அச்சடிக்கலாம். பல மொழிகளில் சேர்த்து அச்சிடும்போது வண்ணப் படம் எல்லாவற்றுக்கும் பொது. எழுத்துக்கான கறுப்புத் தட்டு மட்டும் மாறும். செலவு கட்டுப்படியாவது அதனால்தான். அதனாலேயே எல்லா ஊருக்கும் பொதுவான வீடு, பொதுவான தெரு, இல்லாவிட்டால் ஒரு யானை என்று படம் அமைந்துவிடுகிறது.

யானை எப்போதுமே உதவிவிடும் என்றில்லை. டொரான்டோவில் பாட்ரிசியா கேனியா குழுவினர் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், பகிர்ந்துகொள்ளும் கதை ஒன்றை 4 முதல் 6 வயதுப் பிள்ளைகளுக்கு வாசித்தார்கள். ஒரு பிரிவுக்குச் சட்டை போட்ட விலங்குகளின் படம், இன்னொரு பிரிவுக்கு மனிதர்களின் படம். மனிதர் கதை கேட்டவர்களே தங்கள் ஸ்டிக்கரைக் கூடுதலாகப் பங்கிட்டார்கள். மரணம்போல் தொலைவு வேண்டிய இடத்தில் எர்ல்புருக்கின் வாத்து சரி. அன்றாடம் வீட்டில் நடப்பதற்குத் தன்னைப் போன்ற முகத்தைத்தான் குழந்தை தேடுகிறது.

அந்த முகங்கள் தமிழில் இன்னும் வரையப்படக் காத்திருக்கின்றன. துபாயிலிருந்து இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வரும் அப்பாவின் மடியில் உட்கார மறுக்கும் மூன்று வயதுப் பிள்ளை. சாவு வீட்டிலிருந்து பக்கத்து வீட்டுக்கு அனுப்பப்பட்டு, பறைச் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும் பேத்தி. குடித்துவிட்டு வரும் அப்பாவின் செருப்புச் சத்தம் கேட்டதும் தங்கையை எழுப்பிப் பின்வாசலுக்குக் கூட்டிப்போகும் பையன். வரையத் தெரிந்தவர்கள் நம்மிடம் இருக்கிறார்கள். இந்தக் கதைகளைக் கேட்டு வாங்கி, முப்பத்திரண்டு பக்கத்துக்குள் பாடம் எதையும் திணிக்காமல் வெளியிடும் பதிப்பாசிரியர்கள் வேண்டும். ஊர்ப்புற நூலகங்களின் சிறுவர் அலமாரி வரை அவற்றைக் கொண்டுபோக ஆணை இடுபவர்களும் வேண்டும்.