கயிறு இழுத்தவரின் இடம்

பழைய கடைச்சல் பொறிக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் கட்டையைச் சுழற்றும் கயிற்றை மாறி மாறி இழுப்பார், மற்றவர் உளி பிடிப்பார். கட்டை உளியை நோக்கிச் சுழலும்போதுதான் வெட்டு விழும். எதிர்ப்புறம் திரும்பும் கணத்தில் உளியைச் சற்றே விலக்கிவிட வேண்டும். கயிறு இழுப்பவர் பெரும்பாலும் மகன், மருமகன், இல்லையென்றால் வேலை பழக வந்த சிறுவன். மாதக்கணக்கில் இழுப்பதும் பார்ப்பதும்தான் அவர் வேலை. உளி அதிகம் அழுந்தினால் கயிறு கனக்கும். மரத்தில் கணு வந்தால் கை உதறும். உளியைத் தொடாமலே கடைச்சலின் பாதி அவருக்குப் பிடிபட்டுவிடும். மின்மோட்டர் வந்தபோது வேலை விரைந்தது, வெட்டும் இடையறாமல் விழுந்தது. ஆனால் கற்பவர் நிற்பதற்கென்று பட்டறையில் இருந்த இடம் போயிற்று. இது இலங்கையிலும் இந்தியாவிலும் ஒன்றுபோலவே நடந்தது. அதற்குப் பிறகுதான் இரண்டும் பிரிகின்றன. இந்தியாவின் சில ஊர்கள் அந்த வெற்றிடத்தைச் சிறு பொருள்களால் நிரப்பிக்கொண்டன. யாழ்ப்பாணத்தில் அது நிரம்பவில்லை. தெல்லிப்பழை போன்ற ஓர் ஊரில் மரக்கடைச்சலை மறுபடி கற்பிக்க வேண்டுமென்றால், மரப்பேனையே அதற்கு ஏற்ற முதற்பாடம் என்பது என் முடிவு.

தாமிரபரணிக் கரையிலுள்ள அம்பாசமுத்திரத்தின் மரக்கடைசல், சொப்புச் சாமானை நம்பி நிற்கிறது. உரல், உலக்கை, அம்மி, பானை, குடம் என்று ஒரு வீட்டின் அடுக்களை முழுவதும் உள்ளங்கைக்குள் அடங்கும் அளவில் அங்கே உருவாகிறது. கர்நாடகத்தின் சன்னபட்டணாவிலும், ஆந்திராவில் வராக நதிக்கரையிலுள்ள ஏட்டிகொப்பாகாவிலும் வெட்பாலை மரத்தில் பொம்மை கடைகிறார்கள். ஏட்டிகொப்பாகாவுக்கு 2017இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. கட்டை சுழன்றுகொண்டிருக்கையிலேயே அரக்குக் குச்சியை அதன்மீது அழுத்துவார்கள். உராயும் சூட்டில் அரக்கு உருகி நிறமாகப் படியும். பின் தாழை மடலால் அழுத்தித் தேய்க்க மினுக்கம் ஏறும். இந்த ஊர்களின் பலம் நுட்பத்தில் மட்டும் இல்லை, பொருளின் அளவிலும் எண்ணிக்கையிலும் இருக்கிறது. ஒரே குடத்தை நூற்றுக்கணக்கில் கடைய வேண்டிய பட்டறையில் பழகுபவர் கெடுக்கும் பத்தும் விறகுக்குப் போகும், பெரிய நட்டமில்லை. பதினொன்றாவது சந்தைக்குப் போகும். அதனால்தான் புதியவர் கையில் உளியைக் கொடுக்க அங்கே மூத்தவர் அஞ்ச வேண்டியதில்லை. அரசின் பயிற்சிக்கூடம் இதைச் செய்துவிடவில்லை. இந்திய ஐ.டி.ஐ.களில் டர்னர் என்பது இரண்டாண்டுப் படிப்பு. ஆனால் அது இரும்பு கடைபவருக்கானது. மரக்கடைசலைக் காப்பாற்றியது திரும்பத் திரும்பச் செய்யவேண்டியிருந்த சிறு பொருள்தான்.

பேனைக்கும் இந்தியாவில் இப்படி ஒரு வழி உண்டு, அது மரத்திலல்ல, எபொனைற்றில். கந்தகம் சேர்த்து இறுக்கிய ரப்பர்தான் எபொனைற்று. கொம்பு போல இருக்கும், உளிக்கு நன்றாக வசப்படும். ராஜமுந்திரியில் 1932இல் தொடங்கிய ரத்னம் பேனா நிறுவனத்துக்குக் காந்தியின் சுதேசி அழைப்பே தூண்டுதல். அவர்கள் அனுப்பிய பேனாவைப் பெற்றுக்கொண்டு 1935இல் காந்தி எழுதிய கடிதம் இன்றும் அந்த நிறுவனத்தின் பெருமை. தமிழ்நாட்டின் திருவள்ளூரில் ரங்கா பேனாக்களும் கையால் கடைந்தே எழுகின்றன. மூடியின் உட்புரியையும் உடலின் வெளிப்புரியையும் ஒன்றுக்கொன்று பொருந்தக் கடைவதுதான் இத்தொழிலில் கடினமான இடம். அதைப் புத்தகத்தால் கற்க முடியாது. பக்கத்தில் நின்று பார்த்தும், நூறு மூடி கெடுத்தும்தான் வரும். சொப்புக்கும் பேனாவுக்கும் இங்கே பொதுவானது ஒன்று: பழகும் காலத்திலேயே பழகுபவரின் பொருள் விலைபோகிறது.

இலங்கையில் கடைச்சல் இல்லையென்று யாரும் சொல்ல முடியாது. மாத்தளைப் பக்கம் ஹப்புவிடவிலும் தெற்கே அங்குல்மடுவவிலும் அரக்கு வேலை தலைமுறைகளாக நடக்கிறது. அதில் ஒரு வகை கடைச்சலில் சுழலவிட்டு நிறமேற்றுவது. மற்றொன்று உருகிய அரக்கை நூலாக இழுத்துப் பெருவிரல் நகத்தால் நறுக்கி ஒட்டுவது. யாழ்ப்பாணத் தமிழர் முத்துக்குமாரசுவாமியின் மகன் ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய நூலில் இந்த வேலைகளுக்கு உரிய இடம் கொடுத்திருக்கிறார். ஆனால் வடக்கில் கடைச்சல் தனித்தொழிலாக நிற்கவில்லை. தச்சு வேலையின் ஒரு மூலையாகவே இருந்தது. கட்டிற்கால், தொட்டிற் கம்பு, மாடிப்படியின் கைப்பிடித் தூண், மத்து, பம்பரம், கோயில் வாகனத்தின் குமிழ் என்று வேண்டியபோது கடைந்தார்கள். கட்டிற்காலுக்கு எடுக்கும் முதிரையோ தேக்கோ விலையுயர்ந்த மரம். ஒரு தவறான குத்து விழுந்தால் நாலு காலும் ஒத்துவராது. அப்படியான மரத்தில் எந்தத் தச்சரும் புதியவரைப் பழக்கமாட்டார். ஆக, மோட்டர் வந்ததும் கயிறு இழுத்தவர் வெளியே வந்தார், உள்ளே மறுபடி நுழைய அவருக்கு வாசல் இல்லை. இன்று யாழ்ப்பாணத்தில் லேத் பட்டறை என்றால் தண்ணீர் இறைக்கும் இயந்திரத்தின் உதிரிப்பாகம் கடையும் இடந்தான் எவருக்கும் நினைவில் வரும்.

தெல்லிப்பழையின் நட்டம் இதைவிடக் கூடியது. 1816இல் அமெரிக்க மிஷனரி டானியல் பூவர் வந்திறங்கிய நாள்முதல் இந்த ஊர் எழுத்தோடு கைத்தொழிலையும் சேர்த்தே வளர்த்தது. அமெரிக்க மிஷன் இங்கே அச்சுக்கூடமும் வைத்திருந்தது, ஆசிரியப் பயிற்சியோடு கைத்தொழிற் பாடசாலையும் நடத்தியது. பக்கத்துக் காங்கேசன்துறையில் 1950இல் எழுந்த சீமெந்துத் தொழிற்சாலை இயந்திரம் பழகிய ஒரு தலைமுறையை உருவாக்கியது. 1990இல் போரால் இவ்வூர் அடங்கிய வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர, தொழிற்சாலை நின்றது, பட்டறைகள் பாழாயின. காணிகள் பல ஆண்டுகளாகத் துண்டு துண்டாகவே விடுவிக்கப்பட்டன. கல்லும் ஓடும் கொண்டு வீட்டைத் திரும்பக் கட்டலாம். உளி பிடித்தவருக்கும் பழக வந்தவருக்கும் நடுவில் அறுந்துபோன தொடர்பை அப்படிக் கட்ட முடியாது. வயது போனவர்கள் பலர் இடம்பெயர்ந்த ஊர்களிலேயே காலமாகிவிட்டார்கள்.

பேனை ஏன் முதற்பாடம் என்பதற்கு அதன் அளவே காரணம். ஒரு சாண் நீளத்துக்கும் குறைவான, இரண்டு சென்ரிமீற்றர் சதுரக் கட்டை போதும். முதலில் அதை இரண்டாக அறுத்து நடுவில் ஏழு மில்லிமீற்றர் துளை இடுவார்கள். துளைக்குள் பித்தளைக் குழாயைப் பசையிட்டு நுழைப்பார்கள். முனைகளைக் குழாய்க்குச் செங்கோணமாகச் சீவிய பின்பே கட்டை கடைச்சலில் ஏறும். உள்ளே முதலில், வெளியே பிறகு என்பதால் துளை சற்றுக் கோணினாலும் வெளிப்புறம் துளையைச் சுற்றியே உருண்டுவிடும். கூர்முனைப் பக்கத்தில் முடிவில் எஞ்சும் மரத்தின் கனம் ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவு. உளியின் சரிவு முதலில் மரத்தில் படிந்து உரச வேண்டும், அதன் பிறகே வாய் வெட்டலாம். இந்த ஒழுங்கு தவறினால் மரம் சிலும்பும் அல்லது பித்தளை பல்லிளிக்கும். கட்டிற்காலில் அரை மில்லிமீற்றர்ப் பிழை ஒருவர் கண்ணிலும் படாது. பேனையில் உடனே படும், நட்டமோ வேலி வெட்டும்போது கழித்த ஒரு பூவரசந்துண்டு மட்டுமே. பூவரசும் வேம்பும் பலாவும் பழகுபவருக்கு இணங்கும். பனை இணங்காது. வைரம் பாய்ந்த பனையில் கருநார்கள் மென்மையான சதைக்குள் ஊசிகளாக நிற்கும். உளி மழுங்கியிருந்தால் நார் வெட்டுப்படாமல் வேரோடு பிடுங்கிக்கொண்டு வரும், முனையில் சில்லுச் சில்லாய்ப் பிளக்கும். நீர்போன்ற பசையை ஊறவிட்டு, உளியை அடிக்கடி தீட்டி, நூலளவு நூலளவாக எடுத்தால் கறுப்பும் பொன்னுமாக ஒரு கோடு எழும். அது பூவரசிலும் வேம்பிலும் வராது. பனங்கட்டையில் ஒரு பேனையை ஒழுங்காகக் கடைந்தவருக்கு உளி தீட்டத் தெரியுமா என்று தனியே சோதிக்க வேண்டியதில்லை.

இதற்கு மறுப்புகள் வரும், அவற்றில் சில வலுவானவை. குழாயும் கிளிப்பும் முனையும் வெளிநாட்டிலிருந்து வரும் பொதி; 2022இல் ரூபாய் சரிந்தபின் அவற்றை நம்பி ஒரு தொழிலைத் தொடங்கலாமா என்று கேட்பார்கள். கேட்பது நியாயம். ஆனால் பொதி இல்லாமலும் பழகலாம். கடையில் விற்கும் மலிவான போல்பொயின்ற் பேனையின் மைக்குச்சி இறுக நிற்கும்படி ஒரு மரக்கூட்டைக் கடைவது முதல் ஆண்டுக்குப் போதுமான பாடம், பித்தளைக் குழாய் இல்லாததால் துளையின் நேர்மை அதில் இன்னும் கண்டிப்பாகச் சோதிக்கப்படும். மரத்துக்கு எங்கே போவது என்பது அடுத்தது. பலாவையும் பனையையும் அனுமதியின்றித் தறிக்க முடியாது, மரத்தை ஓரிடத்திலிருந்து இன்னோரிடம் கொண்டுபோகவும் பத்திரம் வேண்டும். பதுங்குகுழிகளுக்காகப் பனைகள் வீழ்ந்த மண்ணில் அந்தச் சட்டம் இன்னும் இறுக்கமாக இருந்தாலும் நான் குறைசொல்லமாட்டேன். பேனைக்காக எந்த மரத்தையும் தறிக்க வேண்டியதில்லை. கூரை மாற்றும் வீட்டில் கழிக்கும் பனஞ்சலாகையிலிருந்தும், தளபாடப் பட்டறையின் கழிவுத் துண்டிலிருந்தும் பேனைக்கட்டை வரும்.

சந்தை இல்லை என்ற மறுப்புத்தான் கனமானது. சன்னபட்டணாவுக்குப் பெங்களூர் இருக்கிறது, தெல்லிப்பழைக்கு என்ன இருக்கிறது? உண்மை, அளவை ஒப்பிட முடியாது. ஆனால் அம்பாசமுத்திரத்தின் சொப்பு பெருநகரத்தை நம்பி எழவில்லை. கோயில் திருவிழாக் கடையும் குற்றாலச் சாரல் காலத்துக் கூட்டமும் அதற்குப் பெரிய ஆதாரம். துர்க்கை அம்மன் கோயில், மாவிட்டபுரம், கீரிமலை, நல்லூர் என்று இந்தப் பக்கத்துத் திருவிழாக் கடைகளிலும் கூட்டத்துக்குக் குறைவில்லை. அங்கே குவிந்திருப்பது பிளாஸ்ரிக். விஜயதசமிக்கு ஏடு தொடக்கும் வழக்கம் விடாத ஊர் இது, புலம்பெயர்ந்த பிள்ளைகளும் கோடையில் வந்துபோகிறார்கள். ஊர்ப் பனையில் கடைந்த பேனை அவர்களிடம் விலைபோகும். அதிலேயே ஒரு குடும்பம் வாழ்ந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. பழகும் காலத்துச் செலவைப் பழகுபவரே ஈட்டிக்கொள்வார், அது போதும். கணினி இயக்கும் பொறி ஒரு நாளில் நூறு கடைந்துவிடாதா என்றும் கேட்கலாம். கடைந்துவிடும், எல்லாம் ஒரே அளவில். ஆனால் தேரின் உடைந்த ஒரு குமிழைப் பார்த்து அதேபோல இன்னொன்று கடைந்து கொடுக்க ஒரு கை வேண்டும், அதற்குப் பொறி உதவாது.

பெற்றோர் பிள்ளையைப் படிப்பிலிருந்து இறக்கிப் பட்டறைக்கு அனுப்பமாட்டார்கள் என்பது கடைசி மறுப்பு. அனுப்பவும் வேண்டாம். கடைச்சல் இன்னமும் சாதித்தொழிலாகவே பார்க்கப்படுவதற்கு அந்தப் பயமும் ஒரு காரணம். சன்னபட்டணாவில் முஸ்லிம் குடும்பங்களும் பெண்களும் பெருமளவில் கடைச்சலில் இருப்பதைப் பார்த்தால், அது எவருடைய பிறப்புரிமையும் அல்ல என்பது தெரியும். சனிக்கிழமைகளில் இரண்டு மணி நேரம், இரண்டு சிறிய மேசைக் கடைச்சல் பொறி, தச்சு வேலையில் ஓய்வுபெற்ற ஒருவர், முகக்கவசமும் தூசுக்கு மூக்குத்துணியும். தெல்லிப்பழையின் பெரிய பாடசாலைகள் எதற்கும் இது கட்டாத செலவு அல்ல. ஒரு பொறியில் மாணவர் கடைவார், அடுத்ததில் இன்னொருவர் நின்று பார்ப்பார், பிறகு மாறிக்கொள்வார்கள். மூன்று நான்கு ஆண்டுகளில் அவர்களில் இருவராவது கட்டிற்கால் எடுக்கத் துணிவார்கள். அன்றைக்கு முதிரை மரத்தை அவர்கள் கையில் கொடுக்க ஊர்த் தச்சர் தயங்கமாட்டார்.